பிரீத்திகாவின் வலது காது

கருமத்தம்பட்டி
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை மோகனப்பிரியா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். நீங்கள் நலமா என்று எனக்குத் தெரியாது. நான் நலமாக இல்லை. அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன்.

வைகாசியில் காதுகுத்து அன்று கோயிலிலிருந்து எழுந்து போனவர், மூன்று மாதமாக ஒரு வார்த்தை இல்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. ஊருக்குப் போய்ப் பார்த்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. கடைசியில் உங்கள் பட்டாளத்து சிநேகிதர் ஒருவர் சொல்லித்தான், காங்கேயம் பக்கம் மாட்டுப் பண்ணையில் வைத்தியத்துக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தது. சொந்த அண்ணன் இருக்கும் இடத்தை மூன்றாம் மனிதர் சொல்லித் தெரிந்துகொள்கிறேன். பண்ணைக்குப் போன் செய்தேன். மதிவதனி என்ற அம்மா எடுத்தார்கள். "இங்க தங்கியிருக்கறவங்களுக்குப் போன் குடுக்கறதில்லீங்க. லெட்டர் போடுங்க, கண்டிப்பாப் படிப்பாருங்க" என்றார்கள். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு இதுதான் நான் எழுதும் முதல் கடிதம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள் பிரீத்திகாவுக்கு இன்னும் ஒரு காதில்தான் தோடு இருக்கிறது. அன்று ஆசாரி இடது காதைக் குத்தி முடித்ததும் வெளியே அதிர்வேட்டு போட்டார்கள். நீங்கள் முக்காலியிலிருந்து பிள்ளையோடு கீழே சாய்ந்துவிட்டீர்கள். செயற்கைக் கால் வழுக்கிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். என் மாமியார் நாச்சியம்மாள் சொன்னதும் உங்கள் காதில் விழுந்தது. "கட்டைக்கால வெச்சுட்டு எதுக்குங்க புள்ளைய மடியில வாங்கோணும்?" நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அது என் தப்புத்தான்.

ஆசாரி மூட்டையைக் கட்டிவிட்டார். இடது காது ஆறிவிட்டது. வலது காது மொட்டையாக இருக்கிறது. எங்கள் விசைத்தறிக் குடோனுக்கு வருகிறவர்கள் எல்லாம், "ஏங்கண்ணு, இன்னொரு தோடு எங்க தொலைஞ்சு போச்சு?" என்று கேட்கிறார்கள். பிள்ளை இப்போதெல்லாம் வலது பக்கத்தை என் சேலைக்குள் மறைத்துக்கொள்கிறாள்.

மாசியில் அவளுக்கு மூன்று முடிகிறது. அதற்குள் தையில் நாள் பார்க்க வேண்டும். தாய்மாமன் மடி உங்களுடையது. கால் வழுக்குவது ஒரு குற்றமா? யாருக்கும்தான் வழுக்கும். வருகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

மோகனப்பிரியா


காங்கேயம் பண்ணை
30 ஆகஸ்ட் 2024

அம்மணி,

உன் கடிதம் வந்தது. கவரை எதை வைத்து ஒட்டினாய், சோற்றுப் பருக்கையா? பிரிப்பதற்குள் பாதிக் கடிதம் கிழிந்துவிட்டது. கிழிந்த பாதியில்தான் திட்டு அதிகம் என்று நினைக்கிறேன்.

நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டால் என்ன சொல்வது? இதற்கு இயற்கை சிகிச்சை என்று பெயர். முன்னாள் ராணுவத்தினர் பதினோரு பேர் இருக்கிறோம். பதினோரு பேருக்குமாகச் சேர்த்துப் பதினாறு கால். ஊசி கிடையாது, மாத்திரையும் இங்கே புதிதாகத் தருவதில்லை. நூறு ஏக்கர் கொறங்காடு, எல்லாம் மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். காலையில் மாடுகளைத் திறந்துவிட்டு அவற்றின் பின்னால் நடக்க வேண்டும். மாடு மேயும். நாம் பார்க்க வேண்டும். வைத்தியம் அவ்வளவுதான். நம் அப்பா ஆயுள் முழுக்க இந்த வைத்தியத்தைச் செய்துகொண்டார். அவர் கோபம் ஒரு நாளாவது குறைந்ததா?

மதிவதனி பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். "என்னங்க தோணுது?" என்று கேட்பார். ஒன்றும் தோணவில்லை என்றால் சரி என்று போய்விடுவார். அதுதான் எரிச்சலாக இருக்கிறது. என்னோடு ஜோடி போட்டிருப்பவர் கோவிந்தராஜுலு. கோயமுத்தூர்க்காரர், இரண்டு கண்ணும் போய்விட்டது. மாடு அசை போடும் சத்தத்தை வைத்து எந்த மாடு என்று சொல்கிறார். சரியாகவும் சொல்லித் தொலைக்கிறார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, கண்ணு. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. வேலியை ஒரு நாளைக்கு நாலு முறை சுற்றி வருகிறேன். கால் வெட்டிய இடத்தில் தோல் உரிந்து, இரண்டு நாள் நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாட்டை எழுத முடியாது.

காது விஷயத்துக்கு வருகிறேன். தீபக்கைக் கூப்பிட்டு உட்கார வை. சித்தப்பா மகனும் தாய்மாமன்தானே? நல்ல பையன், இரண்டு கால் இருக்கிறது. கால் வழுக்குகிறவன் மடியில் பிள்ளையை வைக்காதே. உன் மாமியார் சொன்னதில் தப்பில்லை.

கிருபாசங்கர்


கருமத்தம்பட்டி
14 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

தீபக்கைக் கூப்பிட்டேன். நீங்கள் சொன்னதால் இல்லை, கோபத்தில் கூப்பிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் போனை எடுத்து, "தம்பி, தையில உன் மடியிலதான் காது குத்தோணும், வா" என்று சொல்லிப்போட்டேன். அவனும் பல்லடத்திலிருந்து ஆப்பிளும் பிஸ்கட்டுமாக வந்து இறங்கினான். என் மாமியாருக்குச் சந்தோஷம். காபி போட்டுக் கொடுத்து, சீர்த்தட்டில் என்னென்ன வைக்க வேண்டும் என்றுகூடச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

அவன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்ன கேட்டான் தெரியுமா? "ஏனுங்க அக்கா, அண்ணன் நல்லா இருக்கறப்ப நான் எப்படிங்க உக்கார்றது? நாளைக்கு ஊருக்குள்ள அவரு மூஞ்சில முழிக்கோணும்ல?" என்றான். நீங்களே சொன்னதுதான் என்றேன். "அப்படின்னா அவரே எழுதிக் குடுக்கட்டுங்க. உக்கார்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எழுதிக் கொடுங்கள். பிரீத்திகாவுக்குத் தாய்மாமன் முறை செய்ய எனக்கு விருப்பமில்லை, அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். தீபக்கிடம் காட்டுகிறேன். மாமியாரிடம் காட்டுகிறேன். பிள்ளை பெரியவளான பிறகு அவளிடமும் காட்டுகிறேன். நாளைக்கு அவள் சீருக்கும் கல்யாணத்துக்கும் யார் வந்து நிற்பது என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

உங்கள் கல்யாணப் பேச்சு அந்தக் காலோடு நின்றுபோனதில் எனக்கு வருத்தமில்லை என்றா நினைக்கிறீர்கள்? உங்களுக்கென்று பிள்ளை குட்டி இல்லாமல் போனாலும், என் பிள்ளை உங்கள் மடியில் உட்காருவாள் என்றுதான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அதையும் தீபக்குக்குக் கொடு என்கிறீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கீழே விழுந்தவர் எழுந்தீர்கள். மண்ணைத் தட்டினீர்கள். அவள் அழுதுகொண்டு உங்களைப் பார்த்துக் கையை நீட்டினாள். ஏன் திரும்பிப் பார்க்காமல் போனீர்கள்?

மோகனப்பிரியா


காங்கேயம் பண்ணை
21 அக்டோபர் 2024

அம்மணி,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நீ கேட்டபடி எழுதிக் கொடுக்கத்தான் உட்கார்ந்தேன். ஏழு தாள் கிழித்தேன். கோவிந்தராஜுலு சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, "ஏனுங்க, தாளு தீந்துபோச்சுன்னா கடைக்குப் போகோணும், சொல்லிப்போடுங்க" என்றார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் உனக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். அன்று என் கால் வழுக்கவில்லை.

வேட்டுச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான் தெரியும். அடுத்து நான் தரையில் இருந்தேன். பிள்ளை எனக்கு அடியில் இருந்தாள். நான் விழவில்லை, அவளை மூடினேன். காஷ்மீரில் பூஞ்ச் பக்கம் கண்ணிவெடியில் என் கால் போன அன்று எனக்குப் பக்கத்தில் ரவிதேஜா நின்றான், கல்யாணமாகி நாற்பது நாள். அவனை மூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்த நேரம்தான் இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்று மதிவதனி சொல்கிறார். சொல்வது சுலபம். என் முழு எடையும் அந்தப் பிஞ்சு மேல் இருந்தது. மூச்சு முட்டியிருந்தால்? கழுத்து மடங்கியிருந்தால்? நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னை இழுத்தீர்கள். இழுக்க இழுக்க நான் இன்னும் இறுக்கினேன். அது எனக்கு நினைவிருக்கிறது. எழுந்த பிறகு அவள் கையைப் பார்த்தேன். என் நாலு விரலும் பதிந்திருந்தன. நீ அவள் சட்டைக்கையை இழுத்துவிட்டு மறைத்தாய். அவள் கையை நீட்டியபோது நான் பார்த்தது அந்தத் தடத்தைத்தான். அதனால்தான் போனேன். கால் வழுக்கியது என்று எல்லோரும் பேசியது எனக்குச் சௌகரியமாகப் போய்விட்டது. நொண்டி என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை, கண்ணு. இதைச் சொல்லத்தான் வெட்கம்.

இன்னொன்றும் நடந்தது. போன வாரம் கால்நடை டாக்டர் கன்றுகளுக்குக் காதில் எண் போட்ட மஞ்சள் வில்லை மாட்ட வந்தார். கன்றைப் பிடித்துக்கொள்ளும் வேலையை மதிவதனி எனக்குக் கொடுத்தார். வேண்டாம் என்றேன். "உங்க இஷ்டமுங்க" என்றார். அந்த அம்மாவிடம் எனக்குப் பிடிக்காத வார்த்தை அதுதான். பிடித்தேன். வில்லை மாட்டும் கருவி 'டப்'பென்றது. நான் கன்றின் மேல் கவிழ்ந்துவிட்டேன். தாய்ப்பசு கட்டுத்தறியை முறித்துக்கொண்டு வரப் பார்க்கிறது. டாக்டர் என்னை இழுக்க வந்திருக்கிறார். மதிவதனி தடுத்துவிட்டார். யாரும் தொடவில்லை. கன்று என் விலாவில் நாலு உதை விட்டது. பிறகு நானே எழுந்தேன். அரை மணி நேரம் கிடந்தேன் என்று நினைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லையாம். கன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, வாலை முறுக்கிக்கொண்டு ஓடிவிட்டது.

கன்று வேறு, பிள்ளை வேறு. இதைப் படித்த பிறகும் எழுதிக் கொடு என்றால் எழுதித் தருகிறேன்.

கிருபாசங்கர்


கருமத்தம்பட்டி
2 நவம்பர் 2024

அண்ணா,

தீபாவளிக்கு ஊரே வெடித்துக்கொண்டிருந்தபோது உங்களைத்தான் நினைத்தேன். இன்றைக்குத்தான் சத்தம் ஓய்ந்திருக்கிறது. எங்கள் தறிச் சத்தத்தைத் தவிர.

நீங்கள் உண்மையைச் சொன்னதால் நானும் சொல்கிறேன். உங்கள் கால் வழுக்கவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கால் வழுக்கியவன் கையைத் தரையில்தான் ஊன்றுவான். உங்கள் ஒரு கை அவள் தலைக்குப் பின்னால் போனது. இன்னொரு கை அவள் தோளைச் சுற்றிக்கொண்டது. தரையில் மோதியது உங்கள் முழங்கை. அவள் தலை தரையில் படவே இல்லை. வழுக்கிவிட்டது, வழுக்கிவிட்டது என்று முதலில் கத்தியது யார் தெரியுமா? நான்தான். உங்களைப் பைத்தியம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று கத்தினேன். அதுவே உங்களுக்குக் கட்டைக்காலன் என்ற பேரை வாங்கிக் கொடுத்துவிட்டது.

இன்னும் ஒன்று இருக்கிறது. முதலில் உங்களை இழுத்ததும் நான்தான். உங்கள் கழுத்தில் என் நகம் கீறியிருக்கும். பிள்ளை கையில் இருந்த தடத்தை என் வீட்டுக்காரரிடம் காட்டவில்லை. கட்டிலில் இடித்துக்கொண்டாள் என்று பொய் சொன்னேன். அப்புறம் முதல் இரண்டு மாதம் உங்களைத் தேடாமல் இருந்தேனே, அது உங்கள் மேல் கோபத்தால் இல்லை. பயம். என் அண்ணனைப் பார்த்து எனக்குப் பயம் வந்துவிட்டது. அது உங்களுக்குத் தெரிந்துவிடுமோ என்றும் பயம். முதல் கடிதத்தில் எழுதிய வீரமெல்லாம் அதை மறைக்கத்தான்.

உங்கள் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். "தலைய மூடுனாருன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நானே போய்க் கூட்டிட்டு வந்திருப்பனே" என்றார். மாமியாரிடமும் சொன்னோம். அவர்கள் சட்டென்று இறங்கி வருகிற ஆள் இல்லை, உங்களுக்குத் தெரியும். ஒரு வாரம் கழித்துத் தறிக்குடோனுக்கு வந்து, யாரிடமோ பேசுகிற மாதிரி, "இந்தவாட்டி வேட்டு வேண்டாம்னு சொல்லிப்போடோணும்" என்றார்கள்.

தை இருபது, ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்திருக்கிறது. எழுதிக் கொடுக்க வேண்டாம். பயம் போன பிறகு வருகிறேன் என்று சொல்லாதீர்கள், அதற்குள் இவள் கிழவி ஆகிவிடுவாள். பயத்தோடு வாருங்கள். நானும் பயத்தோடுதான் பக்கத்தில் உட்காருவேன்.

மோகனப்பிரியா


காங்கேயம் பண்ணை
20 ஜனவரி 2025

கண்ணு,

பொங்கலுக்கு மாடுகளையெல்லாம் குளிப்பாட்டினோம். எனக்கு இன்னும் இருப்புக் கொள்ளவில்லை, ஆனால் வேலியை இப்போது இரண்டு சுற்றோடு நிறுத்திக்கொள்கிறேன். இங்கே யாரும் அதற்குக் கைதட்டவில்லை. கோவிந்தராஜுலுவுக்கு மட்டும் குறை. என் காலடிச் சத்தம் இல்லாமல் பொழுது போகவில்லையாம்.

வருகிறேன். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். முக்காலி வேண்டாம், பாய் போடுங்கள். காலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.

மதிவதனியிடம் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்விதான். "புள்ளகிட்டச் சொல்லிட்டீங்களா?" மூன்று வயதுப் பிள்ளையிடம் என்ன சொல்வது என்றேன். "உங்ககிட்ட என்ன சொன்னமோ அதைத்தானுங்க" என்றார். எனக்குச் சொல்ல வராது. நீ சொல்லி வை. மாமா சத்தம் கேட்டால் குனிந்துகொள்வார், கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்துவிடுவார் என்று. அதற்குப் பிறகும் அவள் வர மாட்டேன் என்றால், வற்புறுத்தாதே. தீபக்கையும் வரச் சொல்லி வை.

கிருபாசங்கர்


காங்கேயம் பண்ணை
4 பிப்ரவரி 2025

அம்மணி,

சாப்பிடாமல்கூட பஸ் ஏறிவிட்டேன் என்று கோபமாக இருப்பாய். உன் மாமியார் பஸ் ஸ்டாப் வரைக்கும் தூக்குப்போசியில் சோறு கொடுத்து அனுப்பினார்கள். அது நினைவிருக்கிறது.

நாம் வேட்டு வேண்டாம் என்று சொன்னோம். கோயிலுக்கு அந்தப் பக்கம் கிடாவெட்டு வைத்திருந்த குடும்பத்துக்கு யார் சொல்வது? அவர்கள் வேட்டு வெடித்தது தெரியும். அதற்குப் பிறகு எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், பிள்ளை உன் இடுப்பில் இருந்தாள், இரண்டு காதிலும் தோடு இருந்தது. நடுவில் நடந்தது எனக்கு நினைவில் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், என் சட்டையில், நெஞ்சுப் பக்கம், ரத்தம். ஒரு ரூபாய் அகலம்.

இரண்டு நாளாக அந்தச் சட்டையை நனைக்காமல் வைத்திருக்கிறேன். அது ஊசியால் வந்ததா, என்னால் வந்ததா? மறைக்காமல் எழுது. கால் வழுக்கிவிட்டது என்கிற மாதிரி எதையும் எழுதாதே. மதிவதனி உனக்குப் போன் செய்யச் சொல்லிப் போனைக் கையில் கொடுத்தார். வாங்கவில்லை. போனில் நீ எனக்காகக் குரலை மாற்றிக்கொள்வாய். எழுத்தில் உனக்குப் பொய் வராது.

கிருபாசங்கர்


கருமத்தம்பட்டி
7 பிப்ரவரி 2025

அண்ணா,

மறைக்காமல் எழுதுகிறேன்.

நீங்கள் காலைக் கழற்றிப் பாய் ஓரத்தில் வைத்தீர்கள். பிரீத்திகா என் இடுப்பிலிருந்து இறங்கி, அந்தக் காலின் ஷூவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தானாக வந்து உங்கள் மடியில் உட்கார்ந்தாள். யாரும் தூக்கி வைக்கவில்லை. ஆசாரி ஊசியை எடுத்தார். அப்போதுதான் அந்தப் பக்கம் வேட்டு வெடித்தது.

நீங்கள் குனிந்தீர்கள். போன முறை மாதிரியேதான். ஒரு கை தலைக்கு, ஒரு கை தோளுக்கு. பிள்ளை உங்களுக்குள் மறைந்துவிட்டாள். அவள் கொலுசு மட்டும் வெளியே தெரிந்தது. மாமியார், "அய்யோ, இழுங்க" என்று கத்தினார்கள். தீபக் பாய்ந்து வந்தான். "ஆரும் தொடக் கூடாது" என்று நான் கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்கே தெரியாது. கத்திவிட்டேனே தவிர, என் கை உங்கள் கழுத்துப் பக்கம் போனது. உள்ளே அவள் அழுதிருந்தால் இழுத்திருப்பேன். பொய் சொல்லவில்லை. இழுத்திருப்பேன். என் கையை நானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் அழவில்லை. உங்கள் முதுகு நடுங்கியது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கை தளர்ந்தது. உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "மாமா, முடிஞ்சுருச்சுங்களா?"

நீங்கள் நிமிர்ந்தீர்கள். முகமெல்லாம் வேர்வை. எங்கே இருக்கிறோம் என்று தேடுகிற கண். அந்தக் கண்ணோடு அவளைப் பார்த்து, "இன்னும் இல்லீங்க அம்மணி. வலிக்குமுங்க. குத்தட்டுமுங்களா?" என்று கேட்டீர்கள். அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அவள் யோசித்தாள். பிறகு முடியைத் தானே ஒதுக்கி, வலது காதை ஆசாரி பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, முகத்தை உங்கள் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அவர் குத்தினார். அதற்குத்தான் அழுதாள், ஊரே கேட்கும்படி அழுதாள், உங்கள் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்து அவள் சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். அவள் கையில், முதுகில், எங்கும் ஒரு தடமும் இல்லை.

அது காது ரத்தம், அண்ணா. சட்டையைத் துவைத்துப்போடுங்கள்.

மோகனப்பிரியா